விண்ணிலிருந்து நாடு கண்டவர்

உயர்ந்த இடத்தில் நின்று நோக்குவார்க்கு அகன்ற நிலப்பரப்பு ஒருங்கே புலனாகும். அதனாலன்றோ பண்டை அரசர் மலைமுகட்டிலும் மதில்மீதும் காவலரை நிறுத்திப் பகைவர் வரவை முன்னரே அறிந்துகொண்டனர்! அக்காலக் காவலன் மலைமீது நின்று கண்டான். பிற்காலத்தார் பலூனிலும் விமானத்திலும் ஏறிக் கண்டனர். அவர்க்கும் பின்வந்தோர் விண்வெளிக்கே சென்று கண்டனர். அங்ஙனம் சென்று, நம் நாட்டை விண்ணிலிருந்து முதன்முதல் கண்ட இந்தியர் இராகேஷ் சர்மா ஆவார். போர் விமானியாகப் பணி தொடங்கி விண்வெளி வீரராக உயர்ந்த அவருடைய வரலாற்றையும், படைத்துறையில் வேவுப் படங்களை ஆராயும் தொழில் பயின்று விண்ணேறிய அமெரிக்கர் ஒருவருடைய வரலாற்றையும் இப்பாடத்தில் காண்போம்.

காண்டலும் உணர்தலும்

திருவண்ணாமலையை அறியாத தமிழர் இலர். ஏறத்தாழ 2,668 அடி உயரமுள்ளது அம்மலை. அதன் கீழ்ப்புற அடிவாரத்தில் அண்ணாமலையார் திருக்கோயில் அமைந்துள்ளது. கார்த்திகைத் தீபத் திருநாளில் மலையுச்சியில் ஏற்றப்படும் விளக்கைப் பல காத தூரத்தில் உள்ளோரும் அண்ணாந்து நோக்கிக் கைகூப்புவர். கீழே நிற்பார் காணும் காட்சி அது. மலைமேல் ஏறியவர் திரும்பிக் கீழே நோக்கினால் காண்பது வேறொரு காட்சி. நடந்து சுற்றினால் கால் சலிக்கும் பெருங்கோயில், ஏட்டில் வரைந்த கோலம்போல அவர்க்குத் தோன்றும். மதிலுக்குள் மதிலாய் அமைந்த கட்டங்களும், அவற்றின் நடுவே கோபுரங்களும், திருக்குளங்களும், கோயிலைச் சூழ்ந்த வீதிகளும், வீதிகளுக்கு அப்பால் ஏரியும் வயலும் ஒரே நோக்கில் அடங்கிவிடும்.

எனினும், காண்டல் வேறு, உணர்தல் வேறு. அதே இடத்தில் நிற்கும் இருவருள் ஒருவர் பச்சையும் பழுப்புமான கட்டங்களை மட்டுமே காண்பார். மற்றொருவரோ, எந்த வயலில் நீர் பாய்ந்துள்ளது, எந்த ஏரி வற்றத் தொடங்கியது, எந்த வழியே வண்டிகள் மிகுதியாகச் செல்கின்றன என்பனவற்றையெல்லாம் அறிந்து சொல்வார். கண் இருவர்க்கும் ஒன்றே. பயிற்சிதான் வேறு.

இப்பயிற்சி எத்தகையது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். திருவண்ணாமலைக் கோயிலின் கீழைக் கோபுரமாகிய இராச கோபுரம் பதினொரு நிலைகளையும் 217 அடி உயரத்தையும் உடையது. விமானத்திலிருந்து நேர்கீழாக அதனைப் படம் எடுத்தால், அப்படத்தில் உயரம் தெரியாது. வானளாவிய கோபுரமும் அருகிலுள்ள தாழ்ந்த மண்டபமும் இரண்டு கட்டங்களாகவே காணப்படும். இரண்டனுள் உயர்ந்தது எது என்பதை எவ்வாறு அறிவது? நிழல் அதனைச் சொல்லும். கதிரவன் 45 பாகை உயரத்தில் நிற்கும்போது, சமதரையில் விழும் நிழலின் நீளம் பொருளின் உயரத்திற்குச் சமமாகும். பிற்பகலில் அந்நிலை வரும்போது, கோபுர முடிக்கு நேர்கீழான இடத்திலிருந்து கிழக்கே 217 அடிக்கு நிழல் நீண்டு கிடக்கும். நிழலை அளந்தவர் கோபுரத்தை அளந்தவராவார். இவ்வாறே உருவம், அளவு, நிறம், சுற்றுப்புறம், நேற்றைய படத்திற்கும் இன்றைய படத்திற்கும் உள்ள வேறுபாடு ஆகியவற்றைக் கொண்டு மறைந்து கிடக்கும் செய்திகளை வெளிப்படுத்தலாம். எழுத்தறிந்தார் ஏட்டைப் படிப்பதுபோல, இக்கலை அறிந்தார் நிலத்தின் படத்தைப் படிக்கின்றனர். முதல் உலகப் போரில் விமானங்கள் பகைவரின் பதுங்குகுழிகளைப் படமெடுக்கத் தொடங்கிய நாள்முதல் இக்கலை படைத்துறையில் விரைந்து வளர்ந்தது.

சர்மாவின் இளமை

இராகேஷ் சர்மா 1949ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 13ஆம் நாள் பஞ்சாபிலுள்ள பட்டியாலா நகரில் பிறந்தார். அவர் வளர்ந்ததும் பயின்றதும் ஐதராபாத்தில் ஆகும். அங்குப் பள்ளிப்படிப்பை முடித்து நிசாம் கல்லூரியிலும் பயின்றார். 1961ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள் உருசிய நாட்டு யூரி ககாரின் உலகை ஒருமுறை வலம்வந்து மீண்டபோது, சர்மாவிற்கு வயது பன்னிரண்டு. அந்நாளில் விண்வெளிப் பயணம் என்பது வல்லரசுகள் இரண்டின் போட்டியாகவே இருந்தது. இந்தியச் சிறுவன் ஒருவன் அதனைத் தன் வாழ்க்கைக் குறிக்கோளாகக் கொள்வதற்கு வழியொன்றும் இருந்ததில்லை. ஆதலின் சர்மா விமானியாவதையே விழைந்தார்.

1966ஆம் ஆண்டு புனேக்கு அருகில் கடக்வாசலாவில் உள்ள தேசியப் பாதுகாப்புப் பயிற்சிக் கழகத்தில் அவர் சேர்ந்தார். 1970ஆம் ஆண்டு இந்திய விமானப்படையில் விமானியாக அமர்த்தப்பெற்றார். அடுத்த ஆண்டே போர் மூண்டது. வங்காள தேசம் தோன்றுவதற்குக் காரணமான 1971ஆம் ஆண்டுப் போரில், இருபத்திரண்டு வயதே நிரம்பியிருந்த அவர் மிக்-21 என்னும் போர் விமானத்தைச் செலுத்தி இருபத்தொரு முறை போர்ப்பணியில் பறந்தார்.

ஒலியினும் விரைந்து செல்லும் அவ்விமானத்தில் அமர்ந்திருப்பவர், கண்ணிமைக்கும் நேரத்தில் கீழுள்ள நிலத்தை நோக்கித் தாம் இருக்கும் இடத்தை அறிதல் வேண்டும். முன்னுள்ள கருவிகளின் முட்களை நோக்குதல் வேண்டும். வானில் எதிர்ப்படும் புள்ளி பகை விமானமோ நட்பு விமானமோ எனத் தெளிதல் வேண்டும். ஒன்றில் கருத்தை வைத்து மற்றொன்றை மறந்தவர் மீளார். கண்ணும் கருத்தும் ஒருசேர இயங்கும் இப்பழக்கமே பிற்காலத்தில் சர்மாவிற்குப் பெருந்துணையாயிற்று. பின்னர் அவர் சோதனை விமானியாகவும் பயிற்சி பெற்றார். புதிய விமானத்தை முதலில் ஏறிப் பறந்து, அதன் குறைநிறைகளை உள்ளவாறே எடுத்துரைப்பவர் சோதனை விமானி ஆவார். கண்டதைக் கூட்டாமலும் குறையாமலும் சொல்வதே அத்தொழிலின் உயிர்.

தேர்வும் பயிற்சியும்

1980ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில், இந்தியர் ஒருவரைத் தம் விண்கலத்தில் அழைத்துச் செல்ல சோவியத்து நாட்டினர் முன்வந்தனர். விமானப்படையினர் தம் விமானிகளுள் தக்காரைத் தேர்ந்தெடுக்க முற்பட்டனர். உடல்வலிமை மட்டும் போதாது. உள்ளத்திண்மையும் வேண்டும் என்பதை அறியக் கடுமையான சோதனைகள் நடைபெற்றன. பெங்களூரில் நிகழ்ந்த ஒரு சோதனையில், செயற்கை ஒளி மட்டும் உள்ள அறையொன்றில் சர்மா 72 மணி நேரம் தனியே அடைத்து வைக்கப்பெற்றார். அடைபட்ட இடத்தில் அஞ்சுபவர் விண்கலத்திற்கு உதவார் அன்றோ!

1982ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் இருவர் தேர்ந்தெடுக்கப்பெற்றனர். ஒருவர் இராகேஷ் சர்மா. மற்றவர் இரவீஷ் மல்ஹோத்ரா. இருவரும் மாசுகோவிற்கு அருகிலுள்ள விண்மீன் நகரம் எனப்படும் ஊருக்குச் சென்று, ககாரின் பெயர் தாங்கிய பயிற்சி நிலையத்தில் பயின்றனர். அங்கு முதலில் எதிர்ப்பட்ட தடை மொழியே. விண்கலத்தின் கருவிகளில் பொறிக்கப்பட்ட பெயர்களும், தரையிலிருந்து வரும் கட்டளைகளும், படிக்க வேண்டிய நூல்களும் உருசிய மொழியிலேயே இருந்தன. நடுவயதை நெருங்கும் நிலையில் அயல்மொழியொன்றை அரிச்சுவடியிலிருந்து கற்பது எளிதன்று. ஆயினும், இடர் வந்த நொடியில் கட்டளையைக் கேட்டு மொழிபெயர்த்துப் பொருளறிய நேரம் இராது என்பதை அறிந்து, அவ்விருவரும் அம்மொழியைக் கசடறக் கற்றனர்.

இருவரும் ஒரே பயிற்சியைப் பெற்றனர். இருவரும் ஒரே அளவு தேர்ச்சி எய்தினர். ஆனால் விண்கலத்தில் இந்தியர்க்கு இருந்தது ஓர் இருக்கையே. சர்மா செல்வார் என்றும், அவர்க்கு நோயோ பிற தடையோ நேரின் மல்ஹோத்ரா செல்வார் என்றும் முடிவு செய்யப்பட்டது.

எட்டு நாள் பயணம்

1984ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள், கசகசுத்தானத்திலுள்ள பைக்கனூர் ஏவுதளத்திலிருந்து சோயூசு டி-11 என்னும் விண்கலம் எழுந்தது. யூரி மாலிசேவ் தலைவராகவும், கென்னடி சிதிரெக்காலவ் பொறியாளராகவும், இராகேஷ் சர்மா மூன்றாமவராகவும் அதில் அமர்ந்திருந்தனர். மறுநாள் அக்கலம், உலகை வலம்வந்துகொண்டிருந்த சல்யூட்-7 என்னும் விண்வெளி நிலையத்துடன் இணைந்தது. அங்கு முன்னரே தங்கியிருந்த லியோனிது கிசீம், விளாதிமீர் சொலோவியோவ், ஒலெக் அத்கோவ் ஆகிய மூவரும் விருந்தினரை வரவேற்றனர்.

சர்மாவின் நாட்கள் ஆராய்ச்சியிலேயே கழிந்தன. எடையின்மையால் உடல் அடையும் மாறுதல்களை அறிய, அவர் நம் நாட்டு யோகாசனங்களைப் பயின்று பார்த்தார். இதயத்தின் இயக்கமும் உலோகக் கலவைகள் உறையும் முறையும் ஆராயப்பட்டன. மைசூரிலுள்ள பாதுகாப்பு உணவு ஆராய்ச்சிச் சாலையார் விண்வெளிக்கு ஏற்றவாறு செய்தளித்த இந்திய உணவுகளும் உடன் சென்றிருந்தன. பிரதமர் இந்திரா காந்தி அம்மையார், விண்ணிலிருந்து இந்தியா எவ்வாறு காணப்படுகிறது என்று தொலைக்காட்சி வழியே அவரை வினவினார். கவிஞர் இக்பால் இயற்றிய நாட்டுப்பாடல் ஒன்றின் தொடக்கச் சொற்களையே சர்மா விடையாகக் கூறினார். பள்ளிச் சிறுவர் நாள்தோறும் பாடும் பாடல் அது. அவ்விடையைக் கேட்ட நாடு பூரித்தது.

நாட்டைப் படம் எடுத்தல்

அவ்விடையினும் நாட்டுக்கு மிகுந்த பயன் தருவதாகத் திட்டமிடப்பட்ட பணி ஒன்று உண்டு. அது 'தெரா' எனப் பெயரிடப்பட்ட ஆராய்ச்சி. அச்சொல்லுக்கு நிலம் என்பது பொருள். இந்திய நிலப்பரப்பையும் கடற்கரையையும் விண்ணிலிருந்து படம் எடுப்பதே அதன் நோக்கம்.

விண்வெளி நிலையம் ஏறத்தாழ 300 கிலோமீட்டர் உயரத்தில், நொடிக்கு ஏழரைக் கிலோமீட்டருக்கு மேற்பட்ட விரைவில் செல்வது. ஒன்றரை மணி நேரத்தில் உலகை ஒருமுறை சுற்றிவிடும். குமரிமுனை முதல் காசுமீரம் வரை உள்ள தொலைவு ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர். அத்தொலைவைக் கடக்க அதற்கு ஏழு நிமிடங்களே போதும். நாம் திருவண்ணாமலையில் மலையை ஒருமுறை வலம்வர நடக்கும் தொலைவு 14 கிலோமீட்டர். அத்தொலைவை அந்நிலையம் இரண்டு நொடியில் தாண்டிவிடும். ஆகவே, படம் எடுப்பவர் தம் நாடு வரும்வரை காத்திருந்து, வந்தபின் இது எந்த ஆறு, இது எந்த மலை என்று எண்ணிக்கொண்டிருத்தல் இயலாது. எது எப்பொழுது எத்திசையில் தோன்றும் என்பது முன்னரே மனத்தில் பதிந்திருத்தல் வேண்டும். விரைந்து பறக்கும்போதே நிலத்தை அடையாளம் காணப் பழகிய விமானியின் கண் இங்கேதான் உதவிற்று.

அந்நிலையத்தில் இருந்த ஒளிப்படக் கருவிகளுள் ஒன்று வியக்கத்தக்கது. அஃது ஒரே காட்சியை ஆறு வேறு ஒளிக்கூறுகளில் ஆறு படங்களாக ஒருங்கே எடுக்கும். அவற்றுள் நம் கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பு ஒளியும் அடங்கும். செழித்த பயிர் அவ்வொளியை மிகுதியாகத் திருப்பியனுப்பும். நீரோ அதனை விழுங்கிவிடும். எனவே, அவ்வொளியில் எடுத்த படத்தில் வளமான வயல் பளிச்சென வெளுத்தும், ஏரியும் ஆறும் கருத்தும் காணப்படும். நோயுற்ற பயிர், கண்ணுக்குப் பச்சையாகவே தோன்றும்போதும், அப்படத்தில் மங்கித் தோன்றக்கூடும். ஆறு படங்களையும் ஒப்பிட்டு நோக்குவார், காடு எவ்வளவு, தரிசு எவ்வளவு, இமயத்தில் பனி எவ்வளவு, ஆறு சுமந்துவரும் வண்டல் கடலில் எங்குப் படிகிறது என்பனவற்றை அறியலாம்.

முன்பு போர்க்களத்தின்மீது பறந்தவர் சர்மா. மேலிருந்து நிலத்தை நோக்கும் கலையோ, பகைவரின் மறைவிடம் தேடுவதற்கென்றே போர்க்காலத்தில் வளர்ந்தது. அவ்விமானியும் அக்கலையும் இப்பொழுது, நீர் எங்கே, பயிர் எங்கே, காடு எங்கே என்று தேடும் பணியில் ஒன்றுகூடினர். கருவி ஏறத்தாழ ஒன்றே, நோக்கமே மாறிற்று. கத்தி ஒன்றே ஆயினும், பகைவன் கையில் அது கொலைக்கருவி. மருத்துவர் கையில் அது உயிர்காக்கும் கருவி அன்றோ!

ஏழு நாள் இருபத்தொரு மணி நேரத்திற்கு மேல் விண்வெளியில் இருந்த சர்மாவும் அவர்தம் தோழர் இருவரும், ஏப்ரல் 11ஆம் நாள் சோயூசு டி-10 கலத்தில் ஏறிக் கசகசுத்தானச் சமவெளியில் நலமே இறங்கினர்.

படம் படித்தவர் விண்ணேறியது

சர்மா விமானியாக இருந்து, விண்ணில் படம் எடுத்தவர். இதற்கு மறுதலையாக, படங்களைப் படிக்கும் தொழிலிலிருந்தே விண்ணேறியவர் ஒருவர் உளர். அவர் அமெரிக்கத் தரைப்படையைச் சேர்ந்த தாமசு ஹென்னன். 1952ஆம் ஆண்டு சார்சியா மாநிலத்தில் பிறந்த அவர், 1970ஆம் ஆண்டு ஒகையோ மாநிலத்தில் உயர்நிலைப் பள்ளிப்படிப்பை முடித்தார். படையின் வேவுப்பிரிவில் அவர் மேற்கொண்ட தொழில், விமானங்களும் செயற்கைக்கோள்களும் எடுத்த படங்களை ஆராய்ந்து செய்தி கூறுதல். மேசைமுன் அமர்ந்து, உருப்பெருக்கியைக் கையிற்கொண்டு, படத்திலுள்ள சிறு கறுப்புப் புள்ளி வண்டியோ பீரங்கியோ வெறும் புதரோ என்று ஆராயும் பொறுமைத் தொழில் அது. அத்தொழிலில் பதினெட்டு ஆண்டுகளுக்கு மேல் அவர் பழகினார். அவர் வகித்த பதவி வாரண்டு அதிகாரி என்பது. தொழில்நுட்பத் திறனால் உயர்ந்தார்க்கு, படைவீரர்க்கும் உயரதிகாரிகட்கும் இடையே அளிக்கப்படும் பதவி அது. அப்பதவியினருள் முதன்முதல் விண்வெளி சென்றவர் அவரே.

1991ஆம் ஆண்டு நவம்பர் 24ஆம் நாள் அட்லாண்டிசு என்னும் விண்ணோடத்தில் அறுவருள் ஒருவராக அவர் புறப்பட்டார். பிரெடரிக் கிரெகரி என்பவர் அப்பயணத்தின் தலைவர். ஏவுகணைகள் எழும்பும்போது தோன்றும் வெப்பத்தைக் கண்டறியும் செயற்கைக்கோள் ஒன்றை விண்ணில் விடுப்பது அப்பயணத்தின் முதற்பணி. ஹென்னனுக்கு உரிய ஆராய்ச்சி வேறு. அதன் பெயர் 'தெரா சுகவுட்'. நிலத்தை வேவு பார்ப்பவர் என்பது அதன் கருத்து. நன்கு பழகிய கண்ணையுடைய ஒருவர், விண்ணிலிருந்து தொலைநோக்குக் கருவியின் வாயிலாக நிலத்திலுள்ள பொருள்களை எந்த அளவுக்கு அறிய இயலும் என்பதே அவ்வாராய்ச்சி எழுப்பிய வினா. பத்து நாள் நடைபெறவிருந்த அப்பயணம், திசையறியும் கருவிகள் மூன்றனுள் ஒன்று பழுதுற்றமையால் ஏழு நாளிலேயே முடிக்கப்பட்டது. திசம்பர் முதல் நாள் விண்ணோடம் தரையிறங்கிற்று.

விமானம் செலுத்துவோரும் விஞ்ஞானியருமே விண்ணேறுவர் என்று பலர் எண்ணுவர். ஹென்னன் இவ்விருவகையிலும் சேர்ந்தவர் அல்லர். தமக்கு வாய்த்த தொழில் சிறிதெனக் கருதாது, அதன் ஆழத்தைக் கண்டார். ஆழத்தைக் கண்டவரை அத்தொழிலே உயரத்துக்கு ஏற்றிற்று.

கருவியும் மனிதனும்

இங்கு ஓர் ஐயம் எழலாம். கருவிகளே இத்துணை நுட்பமாகப் படம் எடுக்குமாயின், மனிதன் ஏன் விண்ணேறுதல் வேண்டும்? இவ்வையம் பொருளுடையதே. சர்மா மீண்டு நான்கு ஆண்டுகளுக்குள், 1988ஆம் ஆண்டு மார்ச்சு 17ஆம் நாள், ஐ.ஆர்.எசு.-1ஏ என்னும் இந்தியச் செயற்கைக்கோள் அதே பைக்கனூரிலிருந்து ஏவப்பட்டது. ஆளில்லாத அக்கோள் 904 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றி, 22 நாட்களுக்கு ஒருமுறை ஒரே நிலப்பகுதியை மீண்டும் மீண்டும் படம் எடுத்தது. எட்டு நாள் விருந்தினராகச் சென்ற ஒருவர் செய்யத் தொடங்கிய பணியை, அது உறங்காமல், உண்ணாமல், சலிக்காமல் செய்தது. அதன்பின் வந்த கோள்கள் இன்னும் நுண்ணிய படங்களை எடுத்தன.

ஆயினும், படம் தானே பேசுவதில்லை. கோள் அனுப்பும் படங்களை ஐதராபாத்திலுள்ள தேசியத் தொலையுணர்வு மையத்தார் முதலியோர் ஆராய்ந்து பொருள் கூறுகின்றனர். ஏரி கருத்துத் தோன்றுகிறது என்பதைக் கருவி காட்டும். சென்ற ஆண்டினும் அதன் பரப்புக் குறைந்தது ஏன், அதனால் எந்த ஊருக்குக் குடிநீர் இடர் வரும், யார்க்கு முன்னறிவிப்புச் செய்தல் வேண்டும் என்பனவற்றை மனிதனே எண்ணுதல் வேண்டும். மேலே கருவி, கீழே பழகிய கண், அதற்கும் மேலாக, பிறர் துன்பம் அறியும் உள்ளம். இம்மூன்றும் கூடிய இடத்திலேயே பயன் விளையும்.

செல்லாதவரின் பெருமை

விண்ணேறித் திரும்பிய சர்மாவிற்குச் சோவியத்து நாட்டினர் தம் நாட்டின் வீரர் என்னும் உயரிய பட்டத்தை அளித்தனர். நம் அரசினர் அவர்க்கும் உடன்சென்ற மாலிசேவ், சிதிரெக்காலவ் இருவர்க்கும் அசோகச் சக்கர விருது வழங்கினர். மல்ஹோத்ராவிற்குக் கீர்த்திச் சக்கர விருது அளிக்கப்பட்டது. அவர் விண்வெளிக்குச் செல்லவில்லை. ஆயினும் செல்வதற்கு வேண்டுவன யாவும் செய்து முடித்தார். புறப்படும் நாள்வரை, இன்றே செல்ல வேண்டும் என்பார்போல் ஆயத்தமாக நின்றார். அவர் அங்ஙனம் நின்றமையால் அன்றோ அப்பயணம் தடைப்படாது என்னும் உறுதி நாட்டுக்கு இருந்தது! தேரின் வடம் பிடிப்பவர் ஆயிரவர். தேர்மேல் நிற்பவர் சிலரே. வடம் பிடித்தார் தேர்மேல் ஏறவில்லை என்பதனால் அவர்தம் தொண்டு குறைவதில்லை.

சர்மாவும் பெற்ற புகழில் மயங்கி ஓய்ந்து இருந்திலர். விங் கமாண்டராக விமானப்படையிலிருந்து விலகியபின், 1987ஆம் ஆண்டு இந்துஸ்தான் விமான நிறுவனத்தில் சேர்ந்து, முதலில் நாசிக்கிலும் பின்னர்ப் பெங்களூரிலும் தலைமைச் சோதனை விமானியாகப் பணியாற்றினார். 2001ஆம் ஆண்டு பறத்தலினின்று ஓய்வு பெற்று, நம் தமிழ்நாட்டின் நீலகிரிமீதுள்ள குன்னூரில் குடியேறினார்.

அக்குன்னூருக்கு அருகில் உள்ளது வெலிங்டன். அங்குள்ள படைத்துறைப் பயிற்சிக் கல்லூரியில் பயின்றவருள் ஒருவர், சென்னையில் பிறந்த குரூப் கேப்டன் அசித் கிருட்டிணன். நம் நாட்டின் சொந்த முயற்சியாகிய ககன்யான் திட்டத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட விமானப்படையினர் நால்வருள் அவர் ஒருவர். பிரசாந்த் பாலகிருட்டிண நாயர், அங்கத் பிரதாப், சுபான்சு சுக்லா ஆகியோர் ஏனைய மூவர். 2024ஆம் ஆண்டு பிப்ரவரி 27ஆம் நாள் திருவனந்தபுரத்தில் இந்நால்வர் பெயர்களும் நாட்டுக்கு அறிவிக்கப்பட்டன. இவர்களுள் சுக்லா, 2025ஆம் ஆண்டு சூன் 25ஆம் நாள் அமெரிக்காவிலிருந்து புறப்பட்டு, பன்னாட்டு விண்வெளி நிலையத்தை அடைந்து, சூலை 15ஆம் நாள் மீண்டார். சர்மாவிற்குப்பின் நாற்பத்தோராண்டு கழித்து விண்ணேறிய இந்தியக் குடிமகன் அவர். அப்பயணத்தில் அவர்க்கு மாற்றாக ஆயத்தமாய் நின்றவர் பிரசாந்த் நாயர். அன்று மல்ஹோத்ரா நின்ற இடத்தில் இன்று இவர் நின்றார்.

நாம் கொள்ள வேண்டுவது

திருக்குறளின் பொருட்பாலில் ஒற்றாடல் என்பது ஓர் அதிகாரம். ஒற்றினை அரசனின் கண்ணாகவே அந்நூல் கொள்கிறது. அவ்வதிகாரம் எங்கே வைக்கப்பட்டுள்ளது என்பதை மாணவர் நோக்குதல் வேண்டும். அதற்கு முன்னர் உள்ளது கண்ணோட்டம். பின்னர் உள்ளது ஊக்கமுடைமை. கண்ணோட்டம் என்பது பிறர்பால் காட்டும் இரக்கம். பிறர் மறைவைக் காணும் கண்ணுக்கு முன்னர், பிறர் துயரைக் காணும் கண் வேண்டும். கண்டபின் செயலாற்றும் ஊக்கம் வேண்டும் என்று இவ்வைப்பு முறைக்குப் பொருள் கொண்டால், அது நமக்கு நல்வழி காட்டும்.

போருக்கெனப் பழகிய கண்ணை நாட்டின் வளம் காணப் பயன்படுத்தினார் சர்மா. மேசைமுன் பழகிய கண்ணை விண்ணளவும் கொண்டு சென்றார் ஹென்னன். வாய்ப்பு வருமோ வாராதோ என்று எண்ணாது தம்மை ஆயத்தம் செய்துகொண்டார் மல்ஹோத்ரா. விண்ணேறும் வாய்ப்பு எல்லார்க்கும் கிட்டுவதன்று. ஆனால், தம் ஊரை, தம் ஏரியை, தம் அயலாரைக் கூர்ந்து நோக்கி உள்ளவாறு உணரும் வாய்ப்பு ஒவ்வொருவர்க்கும் நாள்தோறும் உண்டு. அதற்கு மலையேறவும் வேண்டுவதில்லை. தெருவில் நடக்கும்போது கண்ணைத் திறந்து வைத்திருந்தாலே போதும்.

பயிற்சி

1. காண்டலுக்கும் உணர்தலுக்கும் உள்ள வேறுபாட்டை எடுத்துக்காட்டுடன் விளக்குக.

2. மேலிருந்து எடுத்த படத்தில் ஒரு பொருளின் உயரத்தை எவ்வாறு அறியலாம்? நும் பள்ளிக் கொடிக்கம்பத்தின் நிழலை அளந்து இதனைச் செய்து பார்க்க.

3. போர் விமானியாகப் பெற்ற பழக்கம் இராகேஷ் சர்மாவிற்கு விண்வெளியில் எவ்வாறு உதவிற்று?

4. சர்மா, ஹென்னன் ஆகிய இருவரின் வாழ்க்கையிலும் உள்ள ஒற்றுமை வேற்றுமைகளை ஒரு பத்தியில் எழுதுக.

5. 'செல்லாதவரின் பெருமை' என்னும் தலைப்பு யாரைக் குறித்தது? அதன் பொருத்தத்தை ஆராய்க.

6. நும் ஊரை மேலிருந்து நோக்கினால் எவ்வாறு தோன்றும் என எண்ணி, நீர்நிலைகளையும் வீதிகளையும் குறித்து ஒரு வரைபடம் வரைக.